'மெடிக்கல்ல கேட்டு வாங்கின கிரீம்தான் டாக்டர்!' - படர்தாமரை ஏன் திரும்பத் திரும்ப வருது? தோல் டாக்டரிடம் அதிகம் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

தோல் டாக்டரைப் பார்க்கப் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை நாளா இருக்கு?" என்பதுதான். அதற்கு டக்கென்று பதில் வந்துவிடும். அடுத்த கேள்வி, "இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க?" இதற்குத்தான் ஒரு சின்ன தயக்கம். "சும்மா ஒரு ஆயின்ட்மென்ட்தான் டாக்டர். மெடிக்கல்ல கொடுத்தாங்க. பேரு ஞாபகம் இல்ல, வெள்ளை ட்யூப்."

அந்த வெள்ளை ட்யூப்பில் என்ன இருந்தது என்பதைப் பொறுத்துத்தான் வந்த நோய் ஒரு மாதத்தில் போகுமா, ஒரு வருஷம் இழுக்குமா என்பதே பல சமயம் முடிவாகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த ட்யூப்பைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறோம். முகம் வெள்ளையாவது, சன்ஸ்கிரீன், கழுத்துக் கருமை போன்ற வழக்கமான கேள்விகளும் பின்னால் வரும்.

"போட்டா போயிடுது, விட்டா வந்துடுது. ஏன்?"

படர்தாமரை. பெயர் வைத்தவர் நல்ல ரசனைக்காரராக இருந்திருக்க வேண்டும். நோய் அவ்வளவு ரசிக்கும்படி இருக்காது. தொடை இடுக்கு, இடுப்பில் பெல்ட் அல்லது புடவை இறுக்கும் இடம், அக்குள், மார்பின் அடிப்பகுதி என வியர்வை தங்கும் இடங்களில் வட்டமாகத் தொடங்கும். ஓரம் சிவந்து, சற்று மேடாக, செதில் செதிலாக இருக்கும். நடுப்பகுதி ஓரளவு தெளிவாக இருக்கும். ராத்திரி தூங்க விடாத அரிப்பு.

இது பூஞ்சைத் தொற்று. பூஞ்சையைக் கொல்லும் மருந்து போட்டால் போக வேண்டும். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் "அரிப்புக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால் பல நேரங்களில் கையில் வருவது பூஞ்சை மருந்து மட்டும் கிடையாது. ஒரே ட்யூப்பில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்றிரண்டு மருந்து, கூடவே ஸ்டீராய்டு என்று மூன்று, நான்கு மருந்துகள் கலந்த கிரீம். எது வந்திருந்தாலும் ஏதாவது ஒன்று வேலை செய்யும் என்ற கணக்கு.

இதில் ஸ்டீராய்டு செய்யும் வேலையைப் புரிந்துகொண்டால் மேலே உள்ள கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அரிப்பும் சிவப்பும் பூஞ்சை நேரடியாகச் செய்வதல்ல. உள்ளே நுழைந்த பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பின் நோய் எதிர்ப்பு அமைப்பு போடும் சண்டையின் அடையாளம் அது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்துகிறது. இரண்டே நாளில் அரிப்பு போகும், சிவப்பு மறையும். "சூப்பர் மருந்து!" என்று தோன்றும். ஆனால் காவல்காரரைத் தூங்க வைத்துவிட்டோம், திருடன் உள்ளேயேதான் இருக்கிறான். எதிர்ப்பே இல்லாத இடத்தில் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. கிரீமை நிறுத்தியதும் எதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொள்கிறது. இப்போது முன்பை விடப் பெரிய இடத்தில் அரிப்பு. மறுபடியும் அதே ட்யூப். இந்தச் சுற்றில் மாதக்கணக்கில், சிலர் வருஷக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்டீராய்டு போட்ட படர்தாமரை, படர்தாமரை மாதிரியே இருக்காது. அந்த வட்டமான ஓரம் அழிந்துவிடும். வட்டத்துக்குள் வட்டம் வரும், அல்லது வெறும் கருமையாகத் தெரியும். அடையாளத்தை மறைத்துக்கொண்ட இந்த வகைக்கு மருத்துவத்தில் 'டினியா இன்காக்னிட்டோ' என்று பெயர். இன்காக்னிட்டோ என்றால் மாறுவேடம். அதனால்தான் செதிலைச் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டிய நிலை சில சமயம் டாக்டருக்கு வருகிறது.

எங்கள் காலேஜ் ஹாஸ்டலில் இப்படி ஒரு ட்யூப் நாலு ரூமுக்கு மாறி மாறிப் போகும். ட்யூப்போடு டவலும் போகும். செமஸ்டர் முடிவதற்குள் ஃப்ளோர் முழுக்க அரிப்பு. அப்போது அதைக் காமெடியாகத்தான் பேசிக்கொண்டோம்.

ட்யூப்பில் எதைப் பார்க்க வேண்டும்?

பிராண்ட் பெயரைப் பார்த்து ஒன்றும் தெரியாது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்க்க வேண்டும். கண் சரியாகத் தெரியவில்லை என்றால் போனில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கிளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்லோமெத்தசோன், ஃப்ளூட்டிகசோன், ஹைட்ரோகார்ட்டிசோன். இந்தப் பெயர்களில் எது இருந்தாலும் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது. கிளோபெட்டசால் தவிர மற்றவை '-சோன்' என்று முடிவதைக் கவனியுங்கள். '-கோனசோல்' என்று முடிபவை (கீட்டோகோனசோல், லுலிகோனசோல், இட்ராகோனசோல்) பூஞ்சை மருந்துகள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். டெர்பினாஃபினும் பூஞ்சை மருந்துதான்.

ஸ்டீராய்டுகளிலும் எல்லாம் ஒரே வீரியம் கிடையாது. ஹைட்ரோகார்ட்டிசோன் மிதமான ரகம். கிளோபெட்டசால் அதைவிடப் பல நூறு மடங்கு வீரியமானது, உச்ச ரகம். உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற தடித்த தோலில் வரும் சொரியாசிஸ் போன்ற நோய்களுக்கு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் டாக்டர்கள் எழுதித் தரும் மருந்து அது. அதைத்தான் மெல்லிய தோல் உள்ள தொடை இடுக்கில் மாதக்கணக்கில் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். மெல்லிய தோல் மருந்தைப் பல மடங்கு அதிகமாக உறிஞ்சும். விளைவு, தோல் இன்னும் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரி வரிவரியாக விழும். ஆண்களுக்கும் விழும். படர்தாமரை போனாலும் அந்த வரி முழுசாகப் போகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஸ்டீராய்டு மருந்துகள் டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய 'ஷெட்யூல் ஹெச்' பட்டியலில் இருப்பவை. ஆனால் தோலின் மேல் பூசும் மருந்துகளுக்கு நீண்ட காலம் ஒரு விதிவிலக்கு இருந்தது. அந்த ஓட்டை வழியாகத்தான் இவை சோப்பு, ஷாம்பு மாதிரி விற்றன. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் இதை எதிர்த்துத் தொடர்ந்து குரல் கொடுத்தது. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் 14 வகை ஸ்டீராய்டு கிரீம்களுக்கு இருந்த விதிவிலக்கை நீக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்யப்பட்ட 328 கூட்டு மருந்துகளின் பட்டியலிலும் கிளோபெட்டசாலுடன் பூஞ்சை மருந்தையும் ஆன்டிபயாட்டிக்கையும் கலந்த சில கிரீம்கள் இருந்தன.

அப்படியும் கலவையில் ஒரு மருந்தை மாற்றி, புதுப் பெயரில் ட்யூப் வருவது நிற்கவில்லை. சீட்டு கேட்காமல் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. கடைக்காரரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. டாக்டர் பீஸ், ஒரு நாள் லீவு, பஸ் செலவு எல்லாம் கணக்குப் போட்டால், கவுன்ட்டரில் கொடுக்கும் ட்யூப் மலிவாகத்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு அப்புறம் அதே ஆள் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு தொகை வரும்.

"சரியான மருந்து போட்டும் போகலையே?"

நியாயமான கேள்வி. பத்து, பதினைந்து வருஷத்துக்கு முன்பு இரண்டு வாரத்தில் அடங்கிய படர்தாமரை, இப்போது நாடு முழுக்கவே அடங்க மறுக்கிறது. இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுவது 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்ற பூஞ்சை. பெயரில் உள்ள 'இண்டோ' நம்ம இந்தியாதான். இந்தியா, நேபாளத்தைச் சேர்ந்த நோயாளிகளிடம் கண்டுபிடிக்கப்பட்டு, 2020-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களால் இந்தப் பெயர் வைக்கப்பட்டது. வழக்கமான டெர்பினாஃபின் மருந்துக்கு இதில் பல ரகங்கள் கட்டுப்படுவதில்லை. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இது இருப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தபோது அங்கே அது பெரிய செய்தியானது. நம் ஊரில் அது தினசரி ஓ.பி.

கண்டபடி பயன்படுத்திய ஸ்டீராய்டு கலவை கிரீம்களும், பாதியில் நிறுத்திய மாத்திரைகளும்தான் இந்த நிலைக்குக் கைகொடுத்தன என்பது தோல் மருத்துவர்கள் பலரின் கருத்து.

அப்படியென்றால் என்ன செய்யணும்? மருந்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், அதில் நாம் தலையிட முடியாது. ஆனால் போடும் விதம் நம் கையில் இருக்கிறது. வட்டத்தின் மேல் மட்டும் தடவாமல், அதைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை வெளியேயும் தடவ வேண்டும். ஏனென்றால் பூஞ்சை ஏற்கெனவே அங்கே போயிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அரிப்பு நின்றதும் நிறுத்தக் கூடாது. தோல் தெளிவான பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடரச் சொல்வார்கள். இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறோம்.

வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிகிச்சை நடக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் குணமாகி இன்னொருவரிடம் திரும்ப வாங்கிக்கொள்வார். டவல், உள்ளாடை, சோப்பு எல்லாம் தனித்தனி. உள்ளாடையை உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். பாத்ரூம் கம்பியில் ஈரத்தோடு தொங்கும் டவல் பூஞ்சைக்குப் பிடித்த வீடு. டைட் ஜீன்ஸுக்குக் கொஞ்ச நாள் லீவு கொடுத்துவிட்டு, வேட்டி, லுங்கி, காட்டன் பாவாடை என்று காற்றோட்டமாக இருக்கலாம். குளித்ததும் இடுக்குகளில் ஈரம் போகத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பூண்டு அரைத்துப் பூசுவது, எலுமிச்சை தேய்ப்பது வேண்டாம். பச்சைப் பூண்டை அரைத்து வைத்துக் கட்டினால் தோல் வெந்து கொப்புளம் வரும். அந்தப் புண் ஆறவே தனி வைத்தியம் தேவைப்படும்.

"அப்போ ஸ்டீராய்டே கெட்டதா?"

இல்லை. இதையும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரப்பான் எனப்படும் எக்சிமா, சொரியாசிஸ், சில அலர்ஜிகளுக்கு ஸ்டீராய்டு கிரீம்தான் சிறந்த மருந்து. குழந்தைக்கு எக்சிமா வந்து டாக்டர் எழுதிக் கொடுத்தும், "ஸ்டீராய்டாமே" என்று பயந்து போடாமல் விடும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தக் குழந்தை ராத்திரி முழுக்கச் சொறிந்து ரத்தம் வர வைத்துக்கொள்ளும். எந்த இடத்துக்கு, எந்த வீரியம், எத்தனை நாள் என்று டாக்டர் சொன்னபடி போட்டால் பயப்படத் தேவையில்லை.

எவ்வளவு போடணும் என்பதற்கு ஒரு எளிய அளவு இருக்கிறது. பெரியவர்களின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்கள் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு அது போதும்.

ஏற்கெனவே பல மாதமாக ஸ்டீராய்டு கிரீம் போட்டு வருபவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கிப் போட்டுவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் பயங்கரமாகத் திரும்பும். ட்யூப்பைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். படிப்படியாகக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று அவர் சொல்வார்.

"முகம் வெள்ளையாக ஒரு கிரீம் எழுதிக் கொடுங்க"

அதே ஸ்டீராய்டு இங்கேயும் வருகிறது, வேறு வேஷத்தில்.

கன்னத்திலும் மூக்கின் மேலும் பழுப்பாகப் படரும் மங்குவுக்கு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு என்று மூன்றும் கலந்த கிரீமை டாக்டர்கள் எழுதித் தருவதுண்டு. ராத்திரி மட்டும், மங்கு உள்ள இடத்தில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும். அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மூன்று வருஷம் அதையே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். "எனக்கு நல்லா கேட்டுச்சு, நீயும் போட்டுப் பாரு" என்று தங்கைக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ட்யூப் கைமாறும்.

முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, நிறமிச் செல்களின் வேலையையும் மட்டுப்படுத்துகிறது. அதனால் வரும் வெளுப்பு அது. அப்புறம் தோல் மெலியும். சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். கொத்துக் கொத்தாகப் பரு, கன்னத்தில் முடி. வெயிலில் போனால் எரியும், அடுப்படியில் நின்றாலும் எரியும். நிறுத்தினால் இன்னும் எரியும், அதனால் நிறுத்தவும் முடியாது. இந்த நிலைக்கு இந்தியத் தோல் மருத்துவர்கள் ஒரு தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் பழுதான முகம். கண்ணைச் சுற்றி நீண்ட நாள் போட்டால் கண்ணழுத்த நோய் வரை போகும்.

மீண்டு வர முடியுமா? முடியும். ஆனால் மாதங்கள் ஆகும், அந்த மாதங்களில் முகம் முன்பை விட மோசமாகத் தெரியும். பலர் அந்தக் கட்டத்தில்தான் பொறுக்க முடியாமல் பழைய ட்யூப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்கள் நிலைமை இன்னும் கஷ்டம்.

ஸ்டீராய்டு இல்லை, 'இயற்கை கிரீம்', 'வெளிநாட்டு கிரீம்' என்று விற்பவற்றில் வேறு ஆபத்து இருக்கிறது. பக்கத்து மாநிலமான கேரளாவின் மலப்புரம் மாவட்டத்தில், 2021 முதல் 2023 வரை சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்களை டாக்டர்கள் துருவிக் கேட்டபோது, அவர்களில் பலர் ஒரு பொதுவான விஷயத்தைச் சொன்னார்கள். எல்லோரும் வெள்ளையாவதற்கான கிரீம் போட்டிருந்தார்கள். அந்த கிரீம்களில் பாதரசம் இருந்தது. பாதரசம் தோல் கருமையைத் தடுக்கும் என்பது உண்மைதான். அது தோல் வழியே உள்ளே போய் சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்பதும் உண்மை. கிரீமை நிறுத்தியதும் பலருக்கு நோய் தணிந்தது என்பது ஆறுதலான செய்தி. தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், பொருட்களின் பட்டியல் எதுவும் இல்லாத டப்பாவை, எவ்வளவு பெரிய இன்ஸ்டாகிராம் பிரபலம் சொன்னாலும் வாங்காதீர்கள்.

1975-ல் அறிமுகமாகி இந்தியா முழுக்க விற்ற 'ஃபேர் அண்ட் லவ்லி', 2020-ல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லையே எடுத்துவிட்டது. ஆனால் டாக்டரிடம் கேட்கப்படும் கேள்வி மட்டும் இன்னும் மாறவில்லை.

"நான் கறுப்புதானே, எனக்கு எதுக்கு சன்ஸ்கிரீன்?"

கறுப்புத் தோலில் உள்ள மெலனின் ஓரளவு பாதுகாப்பு தரும். வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் வெள்ளைக்காரர்களை விடக் குறைவு. ஆனால் மங்கு, பரு போன பின் நிற்கும் கரும்புள்ளி, டேன் இவையெல்லாம் நமக்குத்தான் அதிகம். இந்தப் பிரச்சினை இருப்பவர்களுக்குச் சன்ஸ்கிரீன் அவசியம். மங்குவுக்கு எவ்வளவு விலையுயர்ந்த கிரீம் போட்டாலும், சன்ஸ்கிரீன் இல்லாவிட்டால் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரிதான்.

எஸ்பிஎஃப் 30 என்பது வெயிலில் தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிர்களில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்றால் சுமார் 98 சதவீதம். இந்த ஒரு சதவீதத்துக்காக இரண்டு மடங்கு விலை கொடுக்கலாமா என்பது உங்கள் விருப்பம். அதைவிட முக்கியம் அளவு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குக் கோடு போட்டால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தால் டப்பாவில் எழுதியிருக்கும் நம்பருக்கு அர்த்தமே இல்லை. வெளியிலேயே இருப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும்.

மங்கு உள்ளவர்கள் மட்டும் 'டின்டட்' எனப்படும் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமும் மங்குவைக் கருமையாக்கும். அதில் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு அதைத் தடுக்கும்.

பட்ஜெட் இல்லையா? குடை, தொப்பி, துப்பட்டா. கிண்டல் இல்லை, நல்ல பாதுகாப்புதான்.

"கழுத்துல அழுக்கு தேய்ச்சாலும் போகலை"

அது அழுக்கு இல்லை. பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் வெல்வெட் மாதிரி தடித்துக் கறுப்பாக இருந்தால், உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். பீர்க்கங்காய் நார், பேக்கிங் சோடா, எலுமிச்சை எல்லாம் போட்டுத் தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். குழந்தைகளைப் பள்ளியில் "குளிக்க மாட்டியா?" என்று கேட்டு அழ வைப்பதும் இதனால் நடக்கிறது. தோல் டாக்டர் இதைப் பார்த்ததும் கிரீமுக்கு முன்னால் சர்க்கரை டெஸ்ட் எழுதுவார். எடை குறைந்தால் கருமையும் மெதுவாகக் குறையும். பெண்களுக்கு மாதவிடாயும் தள்ளிப் போகிறது என்றால் சினைப்பை நீர்க்கட்டி பற்றியும் கேட்பார்.

"இந்த வெள்ளைத் திட்டு என்னன்னு பாருங்க"

மூன்று விதமான திட்டுகளைக் குழப்பிக்கொள்கிறோம்.

மார்பு, முதுகில் லேசான செதிலோடு வெளுத்துத் தெரிவது தேமல். இதுவும் பூஞ்சைதான், ஆனால் சாது. மருந்தில் பூஞ்சை போய்விடும், நிறம் திரும்ப மட்டும் சில மாதம் ஆகும். அதற்குள் "மருந்து கேட்கலை" என்று டாக்டரை மாற்ற வேண்டாம்.

பால் மாதிரி வெள்ளையாக இருப்பது வெண்புள்ளி. இதைச் சிலர் இன்னும் 'வெண்குஷ்டம்' என்று சொல்கிறார்கள், அந்தப் பெயரே தப்பு. குஷ்டத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொட்டால் ஒட்டாது.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. வெளுத்த அல்லது சிவந்த திட்டு, அதில் தொட்டால் உணர்ச்சி இல்லை, சூடு தெரியவில்லை என்றால் தொழுநோய்க்குச் சோதிக்க வேண்டும். தேசிய அளவில் தொழுநோய் ஒழிந்ததாக 2005-ல் அறிவித்தாலும், நோய் முற்றிலும் போய்விடவில்லை. பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்பதுதான் அதன் பொருள். இந்தியாவில் இன்னும் ஆண்டுக்கு ஒரு லட்சத்தை ஒட்டிப் புதிய நோயாளிகள் கண்டறியப்படுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்து இலவசம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ சாப்பிட்டால் குணமாகும். தாமதித்தால் நரம்பு பாதித்து விரல் மடங்கும்.

தோல் டாக்டர் போர்டில் 'தோல், பால்வினை, தொழுநோய்' என்று மூன்றும் சேர்த்து எழுதியிருப்பதைப் பார்த்து உள்ளே போகக் கூச்சப்படுபவர்கள் உண்டு. இந்தியாவில் எம்.டி. தோல் மருத்துவப் படிப்பின் பெயரே அப்படித்தான். மூன்றும் சேர்ந்த ஒரே பட்டம். உண்மையில் அந்த எழுத்து இருக்கிறதா என்றுதான் நாம் பார்க்க வேண்டும். 'ஸ்கின் கிளினிக்' என்று போர்டு போட்ட இடத்திலெல்லாம் தோல் மருத்துவம் படித்தவர் இருப்பார் என்று நிச்சயமில்லை.

பருவுக்கு டூத்பேஸ்ட்?

வேண்டாம், எரியும். பரு மருந்துகள் வேலை செய்யவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். ஒரு வாரத்தில் ரிசல்ட் என்று யாராவது சொன்னால் மேலே சொன்ன ஸ்டீராய்டு பத்தியை மறுபடி படியுங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை எடுக்கும் பெண்கள் அந்தக் காலத்திலும், நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. குழந்தைக்குக் கடுமையான குறைபாடுகள் வரும். அந்த மாத்திரையை ஆன்லைனில் தானாக வாங்கிச் சாப்பிடுவது பெரிய ரிஸ்க்.

(முடி கொட்டுவது பற்றிக் கேட்பவர்களுக்கு: அது தனிக் கதை, தனிக் கட்டுரையாக வரும்.)

டாக்டரிடம் போகும்போது

இதுவரை போட்ட எல்லா ட்யூப், மாத்திரை அட்டை, நாட்டு மருந்துப் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். திட்டுவாரோ என்று மறைக்க வேண்டாம். ட்யூப் காலியாகி எறிந்துவிட்டீர்களா? அதே கடையில் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வந்து வந்து மறையும் தடிப்பு என்றால், வரும்போதே போனில் படம் எடுத்து வைத்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம். மேக்கப், நெயில் பாலிஷ் இல்லாமல் போனால் நல்லது. கர்ப்பமாக இருந்தாலோ, திட்டமிட்டிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தனியார் பீஸ் கட்டுப்படியாகாதவர்களுக்கு, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்க்கென்று தனி ஓ.பி. இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு போட வேண்டும். கூட்டம் இருக்கும். ஆனால் ஸ்டீராய்டால் பழுதான முகங்களையும் அடங்காத படர்தாமரையையும் தினம் பார்க்கும் டாக்டர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் ஓ.பி. நேரம் பார்க்கக் கூடாது. வலிப்பு மாத்திரை, யூரிக் அமில மாத்திரை, வலி நிவாரணி, ஆன்டிபயாட்டிக் என ஏதாவது புதிதாகத் தொடங்கிய சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் காய்ச்சல், உடம்பெல்லாம் வலியோடு சிவப்பு, வாயிலும் கண்ணிலும் புண், தோல் கொப்புளித்து உரிவது இவை வந்தால், டாக்டர் போடலாம் என்று சொல்லும் வரை அடுத்த மாத்திரையைப் போடாமல், உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். ராத்திரியாக இருந்தாலும் 108-ஐ அழையுங்கள், மாத்திரை அட்டையை மறக்காமல் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.